சேலப்புளியில வண்டி நிக்கிற கதை

சிரிச்சு முடிச்சிட்டியளா? இன்னும் பாக்கி இருந்தா அதையும் சிரிச்சிருங்க. ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரவுக, வடக்க இருந்து வந்திருக்கிய. மணவறையில எங்க அண்ணன் பெரிய மீசையும் தானுமா, தோள்ல அரக்குச் சேலையப் போட்டுக்கிட்டு நின்னதப் பாத்து ஒங்க ஆளுக வாயப் பொத்திக்கிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீக. இப்ப வண்டியும் இந்தப் புளியமரத்தடியில நின்னுபோச்சு. "என்ன, டயரு பஞ்சரா?"ன்னு அந்தா ஒருத்தரு கேக்காரு. பஞ்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு எறங்கி மரத்தக் கும்புட்டுட்டு வரணும். அவ வாரதுக்குள்ள சொல்லிருதேன். நான் பொண்ணுக்கு அத்தை. எனக்கு நீட்டி முழக்கித்தான் சொல்லத் தெரியும். நடுவுல ஆரும் மணி பாக்கக் கூடாது, ஆமா.

இந்த ரோடெல்லாம் வெறும் வண்டித்தடமாக் கெடந்த காலம் அது. எங்க கள்ளிக்கொட்டாரத்துல அன்னைக்கு அறுபது தலக்கட்டு. அந்த அறுபதுல ஒரு வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவரு மாசானம். அவருதான் எங்களுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். எளயவரு வெயிலுமுத்து. மாசானம் வாயத் தொறந்தா ஊரே கேக்குமாம். வெயிலுமுத்து வாயத் தொறந்தா அவரு மாடு மட்டுந்தான் கேக்குமாம். அம்புட்டு சாது. இந்தா, மரத்துக்குக் கெழக்க தூந்துபோய்க் கெடக்கு பாருங்க ஒரு கெணறு, அது அவரு கமலைக் கெணறு. ரெண்டு மாட்டப் பூட்டி, முன்னயும் பின்னயும் நடத்தி, தோலுப் பையில தண்ணி எறைக்கணும். விடிஞ்சா அடைஞ்சா அதுதான் அவருக்குச் சோலி.

அவரு சம்சாரம் பேரு பொன்வடிவு. பொன்வடிவுகிட்ட ஒரு சேலை உண்டு. அரக்குக் கலரு, வெள்ளப் புள்ளி போட்ட சுங்குடி. கட்டினா அதத்தான் கட்டுவாளாம், தொவைச்சுக் காயப்போட்டு மறுபடியும் அதத்தான் கட்டுவாளாம். புருசன் எடுத்துக் கொடுத்த மொதச் சேலை, அதுதான் காரணம். ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்தா. முப்பிடாதின்னு பேரு வச்சாக. பிள்ளை பொறந்த பன்னெண்டாம் நாளு சன்னி கண்டு பொன்வடிவு போயிட்டா. பாவி மக, பிள்ளை மொகத்தக் கூடக் கண் நெறையப் பாக்கல.

பிள்ளைக்குத் தாய்ப்பாலு இல்ல. ஆட்டுப்பாலக் காச்சிச் சங்குல எடுத்துப் பொகட்டுதாக. வெயிலுமுத்தோட ஆத்தா பொகட்டுதா, துப்புது. மாசானத்தோட சம்சாரம் பொகட்டுதா, துப்புது. மூணு நாளு. அழுது அழுது தொண்டை கட்டி, பிள்ளை வாயத் தொறக்குது, சத்தம் வரல. "இது தாயிகிட்டப் போகத்தான் பாக்குது"ன்னு பொம்பளைக பேசிக்கிட்டாகளாம்.

அந்த நாளையில செத்தவுக துணிமணி ஊருக்கு வெளுக்கிறவருக்குச் சேரணும். அது மொறை. குருவன்னு ஒருத்தரு வெளுத்தாரு. அவரு வந்து வாசல்ல நிக்காரு. பொன்வடிவு துணியெல்லாம் மூட்டையாக் கெடக்கு. வெயிலுமுத்து மூட்டைய எடுத்துக் கொடுக்கப் போனவரு, அந்த அரக்குச் சேலையக் கண்டாரு. அம்புட்டுத்தான். அத மூஞ்சியில பொத்திக்கிட்டு, தோள்ல சுத்திக்கிட்டு, கேவிக் கேவி அழுதாராம். அழுதுக்கிட்டே பிள்ளையத் தூக்குனாரு. தூக்கின பிள்ளை சேலைக்குள்ள மூஞ்சிய வச்சு இங்கிட்டும் அங்கிட்டும் தேடுது. தேடிட்டு வாயத் தொறக்குது. "ஆத்தா, சங்கக் கொண்டா, சங்கக் கொண்டா!"ன்னு கத்துனாரு வெயிலுமுத்து. அவரு அம்புட்டுச் சத்தமாப் பேசினத ஊரு அன்னைக்குத்தான் கேட்டுச்சு. பிள்ளை ஒரு சங்குப் பாலையும் குடிச்சிட்டுத் தூங்கிருச்சு.

"அண்ணே, இது ஒங்களுக்குச் சேர வேண்டிய சேலை"ன்னு குருவன்கிட்டச் சொன்னாரு வெயிலுமுத்து.

"எனக்குத்தான் சேரணும். நான் ஒனக்குத் தாரேன். வெள்ளாவியில மட்டும் வச்சிராத தம்பி, வாசம் போயிரும்"னாரு குருவன். துணி வெளுக்கிறவரு வெளுக்காதன்னு சொன்னாரு பாருங்க. மகராசன்.

மொதல்ல தோள்லதான் போட்டாரு. கமலை ஓட்டும்போது தோள்ல கெடந்து நழுவுது. பிள்ளை தவழ ஆரம்பிச்சிச்சு, முந்தானையப் பிடிச்சு இழுக்குது, சேலை மண்ணுல விழுது. ஒருநாளு வேட்டிய அவுத்து வச்சிட்டு, பொன்வடிவு எப்பிடிப் பின்கொசுவம் வச்சுக் கட்டுவாளோ அதே கணக்கா, முழுச் சேலையையும் கட்டிக்கிட்டாரு. முந்தானையில பிள்ளையக் கட்டி இடுப்புல வச்சுக்கிட்டு மாட்டப் பத்துதாரு. மீசையும் கெடக்கு, சேலையும் கெடக்கு. பிள்ளை சிரிக்குது. அவருக்கு அது போதும்.

ஊருக்கு அது போதுமா? "ஏ வெயிலுமுத்தக்கா, தண்ணிக்கு வரலயா?"ங்கான் ஒருத்தன். "அக்கா, பூ வச்சுக்கிடுதியளா?"ங்கான் இன்னொருத்தன். வெளியாளு பேசினா அவரு சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. வீட்டாளு பேசினா எங்க போக?

மாசானம் வந்து வரப்புல நின்னுக்கிட்டு நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகுற மாதிரி கேட்டாராம்.

"ஏலே, நீ ஆம்பளையா பொம்பளையா? சொல்லுலே. ஊர்ல எனக்குத் தலை காட்ட முடியல. பொம்பள வேணும்னா இன்னொருத்தியக் கட்டு. நானே பாத்துக் கட்டி வைக்கேன். நம்ம வம்சத்துல எவன்லே சேலை கட்டினான்?"

"பிள்ளை தேடுதுண்ணே."

"ரெண்டு நாளு தேடும், மூணாம் நாளு மறந்துரும்!"

"நான் மறக்கலயேண்ணே."

மாசானம் காறித் துப்பிட்டுப் போனாரு. அன்னைக்கு இருந்து அண்ணன் வீட்டுப் படிய தம்பி மிதிக்கல. கோயில் கொடைத் திருவிழான்னா ஆம்பளைக ஒரு பக்கம் நிப்பாக, பொம்பளைக ஒரு பக்கம் நிப்பாக. வெயிலுமுத்து எந்தப் பக்கமும் நிக்க முடியாது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு கோயில் சுவருக்கு வெளிய நின்னு கும்புட்டுட்டு வருவாரு.

முப்பிடாதிக்கு மூணு வயசாகும்போது வெயிலுமுத்தோட ஆத்தா செத்துப்போனா. தாய்க்குக் கொள்ளி கடைசி மகன்தான் வைக்கணும். மாசானம் சொல்லி விட்டாரு: "வேட்டி கட்டிக்கிட்டு வந்தா கொள்ளி. இல்லாட்டி நானே வச்சிருதேன்." பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கிறத விட வைராக்கியம் பெருசா? சேலைய அவுத்து வச்சிட்டு வேட்டி கட்டி, மொட்டை போட்டு, மீசைய எடுத்துக் கொள்ளி வச்சிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து, "தாயி"ன்னு கையை நீட்டுதாரு. பிள்ளை வீல்னு கத்திக்கிட்டு ஓடுது. ஆருன்னு தெரியல அதுக்கு! மொட்டையும் வேட்டியுமா ஒரு புது ஆளு. பயந்துபோய்க் காய்ச்சல் கண்டிருச்சு. ரெண்டு நாளு கண்ணத் தொறக்கல. மூணாம் நாளு வெயிலுமுத்து மறுபடியும் சேலையக் கட்டிக்கிட்டு பக்கத்துல படுத்தாரு. பிள்ளை கையால தடவிப் பாத்துட்டு, "அப்பா, எங்க போன?"ன்னு கேட்டுச்சாம்.

அந்த மனுசனுக்கு அதுல நெஞ்சே அத்துப்போச்சு. பிள்ளை தலையில கைய வச்சு, "ஒன் கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் இத அவுக்க மாட்டேன் தாயி. இது சத்தியம்"னு சொன்னாரு. கேட்டுக்கிட்டியளா? தாலி ஏறுத வரைக்கும். அத மனசுல வச்சுக்கிடுங்க.

வருசம் ஓடிப்போச்சு. முப்பிடாதிக்குப் பதினெட்டு வயசு. குத்துவெளக்கு கணக்கா இருப்பாளாம். பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான், அப்பனப் பாத்தான், போயிட்டான். இன்னொருத்தன் வந்தான், அவனும் போயிட்டான். கெணத்தடியில பொம்பளைக இவளக் கண்டா பேச்ச நிப்பாட்டுவாக. அவ கொடத்த எடுத்துக்கிட்டு நவுந்ததும் பின்னால சிரிப்பாணி கேக்கும். அப்பன் மேல உசுரு அவளுக்கு. உசுரு இருந்தாலும் கூச்சம் வரத்தான செய்யும்? எளம் பிள்ளைதான அவ? அவளையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

கடைசியில செவக்காட்டுல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. நல்ல எடம், பையனும் தங்கம். ஒரே ஒரு பேச்சுதான் பேசினாக. "மணவறையில சேலை கட்டின ஆளு வந்து நின்னா, நாங்க மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவோம்"னாக.

முப்பிடாதி கமலைக்கு வந்தா. வெயிலுமுத்து மாட்டப் பத்திக்கிட்டு இருக்காரு. சேலை இத்துப்போய், பதினெட்டு எடத்துல தையல்.

"அப்பா, ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வேட்டி கட்டிக்கிடுங்க."

"கட்டலாம் தாயி. கையில சத்தியம் இருக்கே. அவுத்தா ஒனக்கு என்னமும் ஆயிருமோன்னு ஈரக்கொலை நடுங்குது. தாலி ஏறட்டும், ஏறின நிமிசம் நானே அவுத்துருதேன்."

"தாலி ஏறணும்னாத்தான அவுக்கச் சொல்லுதாக!"

அவரு மாட்டுக் கழுத்தத் தடவிக்கிட்டு நிக்காரு. அவருக்குத்தான் பேச வராதே.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துருச்சு. "ஊர்ல எல்லாருக்கும் அப்பன் இருக்கான். எனக்கு மட்டும் எதுக்கு இப்பிடி? நீங்க வரவே வேண்டாம். பெரியப்பா தண்ணி ஊத்தித் தாரை வாத்துக் கொடுக்கட்டும். நீங்க வரவே வேண்டாம்!" ரெண்டு தரம் சொன்னாளாம். சொல்லிட்டு ஓடிப்போயிட்டா.

வெயிலுமுத்து மாட்ட அவுத்துவிட்டுட்டு இந்த மரத்தடியிலதான் உக்காந்தாரு. அன்னைக்குக் கமலை ஓடல.

கல்யாணத்தன்னைக்குக் காலம்பற மாசானம் வீட்டு வாசல்ல பந்தலு. மேளம் கொட்டுது. ஆத்தா சாவுக்குப் பொறவு பதினஞ்சு வருசமா தம்பி மொகம் பாக்காத மாசானம் கையில தண்ணிச் செம்ப வச்சுக்கிட்டு நிக்காரு. பின்வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்கான். வெள்ள வேட்டி, தோள்ல துண்டு. "ஆரு?"ன்னு கேட்டாரு மாசானம். கிட்டப் போய்ப் பாத்தா தம்பி.

அங்க போறதுக்கு முந்தி இந்த மரத்தடிக்கு வந்திருக்காரு. அந்தச் சேலைய அவுத்து, மடிக்காம, அந்தா நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அந்தக் கொப்புல தொங்கவிட்டாராம். தொங்கவிட்டுட்டு வானத்தப் பாத்து, "சத்தியத்த நான் முறிக்கேன். என்னமும் ஆகணும்னா எனக்கு ஆகட்டும். எம் பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராத"ன்னு சொன்னாராம். ஆடு மேய்க்கிற ஒருத்தி கேட்டுட்டு வந்து பொறவு சொன்னா.

மாசானத்துக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. செம்பத் தம்பி கையில கொடுத்துட்டாரு. "ஏலே, முப்பிடாதிகிட்டச் சொல்லிட்டு வாரேன்"னு திரும்பினாரு.

"வேண்டாம்ணே. பாத்தா அழுவா. நல்ல காரியத்துல அழக் கூடாது."

மணவறையில பொண்ணு தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கா. அந்தக் காலத்துப் பொண்ணுக்குத் தலைகுனிவுதான மொறை. தலையில பூப்பாரம், கண்ணுல ஓமப்பொகை. மாப்பிள்ளை கையில பொண்ணு கைய வச்சு, மேல தண்ணிய ஊத்தணும். ஊத்துனாரு. செம்பு நடுங்குது, தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் சிந்துது. முப்பிடாதி வேட்டிக் கரையப் பாத்தா, ரெண்டு காலப் பாத்தா. பெரியப்பான்னு நெனச்சா. "பெரியப்பாவுக்கு வயசாகிப்போச்சு, கை நடுங்குது"ன்னு மட்டும் நெனச்சாளாம். தலைய நிமித்தல. பால் ஊட்டின கை, அவ கைக்கு மேலயே நிக்குது. தலைய நிமித்தவே இல்ல.

தாலி ஏறிச்சு. சாப்பாடு முடிஞ்சுது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் வில்வண்டியில ஏத்தி, ஊருசனம் பின்னால நடக்கு. வெயிலுமுத்தும் நடக்காரு, கூட்டத்தோட கூட்டமா. வேட்டி கட்டின வெயிலுமுத்த ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. வண்டி இந்த எடத்துக்கு வருது. முப்பிடாதி எட்டிப் பாக்கா. மரத்தடி நெழல்ல அரக்குச் சேலை ஆடுது. அப்பாதான்! வரவேண்டாம்னு சொல்லியும் வழியில வந்து நிக்காரேன்னு நெனச்சா. "வண்டிய நிப்பாட்டுங்க"ன்னு சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள வண்டியில இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பொம்பள ஒருத்தி, "அந்தா பாருங்கடி, சேலை கட்டின சம்பந்தி!"ன்னா. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாக.

முப்பிடாதி தலையக் குனிஞ்சுக்கிட்டா. வண்டி போயிருச்சு.

வண்டிக்குப் பின்னால பத்து அடியில நடந்த வெயிலுமுத்து அதப் பாத்துட்டாரு. சேலையப் பாத்து மக தலை குனிஞ்சதப் பாத்துட்டாரு. ஐயோ, அத எப்பிடித் தாங்குவாரு? ஊரு சிரிச்சப்ப தாங்குனாரு, அண்ணன் துப்பினப்ப தாங்குனாரு. இத எப்பிடித் தாங்குவாரு?

அப்பிடியே நின்னுட்டாரு. எல்லாரும் ஊருக்குத் திரும்பிட்டாக. அவரு இந்த மரத்தடியில உக்காந்தவருதான். மாசானம் வந்து கூப்புடுதாரு, "வீட்டுக்கு வாலே, நம்ம வீட்டுக்கு வா"ன்னு. கஞ்சி கொண்டாந்து ஊட்டுதாரு. ரெண்டு வாய் குடிச்சிட்டு, "போதும்ணே"ங்காரு. சேலைய எடுத்துக் கட்டிக்கிடச் சொல்லி அண்ணனே கெஞ்சினாராம். "கட்டிக்கலே. ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் சொல்லுதேன், கட்டிக்கலே." அவரு மாட்டேன்னு தலைய ஆட்டுனாரு. எட்டாம் நாளு போயிட்டாரு. சத்தியம் அவரத் தொட்டிருச்சு, பிள்ளைய விட்டுருச்சுன்னு ஊரு சொல்லுச்சு. எனக்கு அது என்னமோ, மனசு விட்டுப்போனா மனுசன் இருப்பானா?

செவக்காட்டுக்கு ஆளு அனுப்பினாக. சேதி போச்சு. அவுக முப்பிடாதிகிட்டச் சொல்லல. புதுப்பொண்ணு மறுவீடு போகாம சாவு வீட்டுக்குப் போகக் கூடாதாம். மறைச்சிட்டாக. கெட்ட எண்ணத்துல இல்ல, மொறைன்னு நெனச்சு. மாசானமே கொள்ளி வச்சாரு.

அங்க முப்பிடாதி ஒவ்வொரு நாளும் மறுவீட்டுக்கு நாளு எண்ணிக்கிட்டு இருந்தா. அப்பனப் பாத்துத் தலையக் குனிஞ்சோமேன்னு அவளுக்குச் சோறு எறங்கல. மாப்பிள்ளை நல்ல பையன். அவன்கிட்டச் சொல்லி அழுதா. அவன் சந்தையில அலைஞ்சு திரிஞ்சு ஒரு புதுச் சேலை வாங்கியாந்தான். அரக்குக் கலரு, வெள்ளப் புள்ளி. அப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க.

பதினாறாம் நாளு மறுவீட்டுக்கு வண்டி வருது. தூரத்துல வரும்போதே கண்டுட்டா. மரத்தடியில அரக்குச் சேலை. "நிப்பாட்டுங்க! எங்கப்பா நிக்காரு!" இந்தத் தரம் கூசல. ஆரு இருக்கா, ஆரு இல்லன்னு பாக்கல. வண்டி நிக்குமுன்ன குதிச்சு, புதுச் சேலைய நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, "அப்பா! அப்பா!"ன்னு ஓடி வாரா. ஓடி வந்து கட்டிப்பிடிக்கா.

வெறுஞ்சேலை. உள்ள ஆளு இல்ல.

மாசானம் ஊருக்குள்ள இருந்து ஓடி வந்தாரு. எட்டு நாளாச்சு தாயின்னாரு. அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. "கல்யாணத்தன்னைக்கு இங்க நின்னாரே பெரியப்பா. நான் பாத்தேனே"ங்கா.

"அன்னைக்கு இங்க நின்னது சேலைதான் தாயி. ஒங்கப்பன் மணவறையில நின்னான். ஒங் கையில தண்ணி ஊத்துனது நான் இல்ல."

முப்பிடாதி கைய விரிச்சு விரிச்சுப் பாத்தாளாம். அழக்கூட இல்ல, கையவே பாத்துக்கிட்டு இருந்தாளாம். "ஒரு விரக்கடை தலையத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்குமே பெரியப்பா. ஒரு விரக்கடை." சாகுத வரைக்கும் அவ அந்த ஒரு பேச்சத்தான் பேசினான்னு சொல்லுதாக.

பழஞ்சேலைய ஆரும் கொப்புல இருந்து எடுக்கல. மழையிலயும் வெயில்லயும் இத்து, நூலு நூலாப் போயிருச்சு. அதுல இருந்து இதுக்குச் சேலப்புளின்னு பேரு. புதுச் சேலைய முப்பிடாதி பத்திரமா வச்சிருந்தா. மாசானத்தோட பேத்திக்குக் கல்யாணம் வந்தப்ப அந்தச் சேலையக் கொண்டாந்து, பொண்ணு கையில கொடுத்து, "ஒங்கப்பன் தோள்ல போடு தாயி. போட்டுட்டு மூஞ்சியப் பாரு"ன்னா. மாசானத்தோட மகன், அதே வம்சம், சேலையத் தோள்ல வாங்கிக்கிட்டு நின்னான். ஒருத்தரும் சிரிக்கல. அன்னைக்குத் தொட்டு எங்க ஊர்ல இதுதான் மொறை. பொண்ணு எடுத்துக் கொடுக்கிற அரக்குச் சேலை அப்பன் தோள்ல கெடக்கணும். அவ தலைய நிமித்தி அப்பன் மூஞ்சிய நல்லாப் பாக்கணும். பொறவு பொண்ணு வண்டி இந்த மரத்துக்கிட்ட நிக்கணும்.

காலையில நீங்க கத்துனிய. "நேரம் போகுது, தண்ணிய ஊத்துங்க, என்ன மசமசன்னு நிக்கிறாரு மனுசன்?"னு கத்துனிய. எங்க அண்ணன் செம்பத் தூக்கிக்கிட்டு அசையாம நின்னாரே, அது எதுக்குன்னு இப்பத் தெரியுதா? எம் மருமவ, கல்யாணப் பொண்ணு, குனிஞ்சே உக்காந்திருந்தா. எங்க அண்ணன் காத்துக்கிட்டு நின்னாரு. அவ நிமிந்தா. அப்பன் மூஞ்சியப் பாத்தா. பொறவுதான் அவரு ஊத்துனாரு.